நாகலூரில் இருந்துகொண்டு என்பிடெல் படித்த அனுபவம்

சேலத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். வீடு ஏற்காட்டு மலையில் உள்ள நாகலூரில். முதல் வருடத்திலிருந்தே மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் என்பிடெல் பாடங்கள், அதாவது ஐஐடி போன்ற நிறுவனங்களின் ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள், படித்தேன். என் விருப்பப் பாடங்கள் சிலவற்றுக்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, அப்படித்தான் வந்தது. மலையில் இருந்துகொண்டு இது முடியுமா என்று ஏற்காட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பாடத்தில் சேர, வீடியோ பார்க்க, அசைன்மென்ட் போட ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான் கட்டியது பாடத்துக்கு 1000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில் இந்தக் கணக்கு ரொம்பப் பெரிது.

மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றுவது இதுதான். மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரம் ஒன்று கம்பி மேல் விழுந்தால் போதும், கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. எனக்குக் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு என்பதால் திங்கட்கிழமையே கல்லூரி வைஃபையில் வீடியோவை இறக்கிவிடுவேன், பஸ் மலை ஏறும்போது பார்ப்பேன், மறுநாள் காலை கீழே போனதும் பதிலைச் சமர்ப்பித்துவிடுவேன்.

பருவம் இரண்டு உண்டு. மலைக்காரர்களுக்கு ஜூலையில் தொடங்குவதுதான் தோது. காப்பிப் பழம் பறிப்பு சூடுபிடிப்பதற்குள் தேர்வு முடிந்துவிடும். ஜனவரிப் பருவத்தின் முதல் வாரங்கள் பறிப்போடு மோதும்.

பாடங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. ஜாவா பாடத்தில் வாராவாரம் நாமே புரோகிராம் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்த்தது கையில் நின்றது. சில பாடங்களிலோ ஸ்லைடை வாசிப்பதோடு சரி. தமிழ் சப்டைட்டில் சில பாடங்களுக்கு மட்டும் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி வந்தது. ஆனால் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்பது என்று முடிவு செய்வது கல்லூரி. வேறொரு கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், "அக்கா, எலைட் வாங்கியிருக்கேன், கிரெடிட் தர மாட்டேங்கிறாங்க" என்று வந்து நின்றான். எலைட் என்பது நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு என்பிடெல் தரும் சான்றிதழ். அந்தப் பாடம் அவன் துறையின் பட்டியலில் இல்லையாம். பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் மூன்று மாத உழைப்பு இப்படிப் போயிருக்காது. இதில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

முழுப் பட்டமே இப்படி வீட்டிலிருந்தே படிக்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜேஇஇ எழுதாமலே சேரக்கூடிய சென்னை ஐஐடியின் பி.எஸ். படிப்பும் உண்டு. அதன் கட்டணம் கூடுதல்தான், வருமானத்தைப் பொறுத்துச் சலுகை தருகிறார்கள்.

அப்புறம், அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏபிசி எனப்படும் கிரெடிட் சேமிப்புக் கணக்கை முதல் வருடமே தொடங்கிவிடுங்கள். கிரெடிட் சேர்வது அங்கேதான். ஆதாரில் இனிஷியல் பின்னாலும் மார்க் ஷீட்டில் முன்னாலும் இருந்தால் பெயர் பொருந்தாமல் மாட்டிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆதார் மையத்தில் திருத்திய பிறகுதான் சரியானது.