தரவைக்கு நெருப்போ, மாடோ, கத்தியோ?

தரவையில, அதாவது காட்டோட கிடக்கிற புல்வெளியில, யானைக்கும் மானுக்கும் புல்லு வேணுமெண்டால் பத்தையைக் கொளுத்தி விடுங்கோ எண்டு வன்னியில கனபேர் சொல்லினம். எல்லா இடத்துக்கும் அது சரிவராது.

நெருப்பில நல்லது இருக்குத்தான். ஆளுயரத்துக்கு வளருற கினிப்புல்லு முத்திக் காஞ்சா மான் தொடாது, எரிஞ்சு ஒரு மழை விழுந்தா அதே தூரில வாற குருத்துக்குக் கூட்டமா வரும். தென்னாபிரிக்காவில குரூகர் பூங்காவில 1954இல இருந்து காணியைத் துண்டாப் பிரிச்சு வேற வேற இடைவெளியில எரிச்சுப் பாக்கினம், வட அவுஸ்திரேலியாவில ஆதிக்குடிகள் மழை விட்டு வறட்சி தொடங்கேக்கயே சின்னச் சின்னனா எரிச்சு விடுவினம், பிறகு பெருநெருப்பு வந்தாலும் எரிய பெரிசா ஒண்டும் இராது. ஆனா அதுகள் காலகாலமா நெருப்போட பழகின வெளியள். எங்கட பாலை மரமும் வீரை மரமும் அப்பிடியில்லை, இளங்கண்டு கருகினா அந்த இடத்தைக் கினிப்புல்லு பிடிச்சிடும், அடுத்த கோடையில இன்னும் மோசமா எரியும். பத்தையா மண்டுற நாயுண்ணிச் செடியும் அடியிலயிருந்து திரும்பத் தளிர்க்கும்.

அதோட எங்கட மண்ணுக்குள்ள வெடிக்காமக் கிடக்கிற சாமானுகளையும் நினைக்கவேணும். சூட்டில வெடிக்கும். மிதிவெடி எடுத்து முடிஞ்சுதெண்டு உறுதியில்லாத காட்டில நெருப்பும் வைக்கேலாது, அதை மறிக்கிற வெட்டுப்பாதை போட டோசரும் இறக்கேலாது.

மாடு எண்டால், குளத்தில தண்ணி வத்த வத்த அலைகரையில பச்சைப்புல்லு தானா முளைக்கும், மாடும் எருமையும் அதை முத்த விடாமக் கட்டையா வச்சிருக்கும், யானையும் பொழுதுபட அங்கதான் இறங்கும். பட்டி கூடினா மானுக்கு ஒண்டும் மிஞ்சாது, காலிலயும் வாயிலயும் புண் போடுற கால்வாய் நோயும் தொத்தும்.

கத்தி மெதுவான வேலை, கூலியும் கூட. ஆனா நாயுண்ணியை மண்ணுக்குக் கீழ வேர்க்கழுத்தில வெட்டிக் கவிழ்த்துப் போட்டா திரும்பாது. வெட்டுறவனுக்குக் கண் இருக்கு, வெறும் நிலத்தில மண்நிறத்தில புள்ளிபுள்ளியாக் கிடக்கிற ஆக்காட்டிக் குருவியின்ர முட்டையையும், முதுகில நட்சத்திரம் கீறின ஆமையையும் விலத்தி வெட்டுவான்.

என்னைக் கேட்டா அலைகரைக்கு அளவான மாடு, நாயுண்ணிக்குக் கத்தி. கினிப்புல்லு மூடின வெளிக்கு மட்டும் நெருப்பு, அதுவும் மாசியில, மேல காஞ்சு அடியில ஈரம் இருக்கேக்க, காத்துக்கு எதிரா, பாதியை எரிச்சு பாதியை விட்டு. சித்திரை மழைக்குக் குருத்து வந்திடும். வனஜீவராசிகள் திணைக்களமோ வன இலாகாவோ நிண்டு செய்யவேணும், ஒதுக்கக் காட்டில தனியாள் நெருப்பு வைக்கிறது குற்றம். சோளகக் காத்து எழும்பினாப் பிறகு அவையளும் வைக்கக்கூடாது.