ஜாமர் வந்தால் எந்த ரேடியோ தாங்கும்?

2013 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒரு காரை மடக்கினார்கள். இருக்கை உறைக்குள் செல்போன் ஜாமர், அதாவது இரைச்சல் அலையை வீசி சிக்னலை அமுக்கும் கருவி. பக்கத்து வண்டிக்காரர்கள் போன் பேசிக்கொண்டு ஓட்டக்கூடாதாம், அதற்காக தினமும் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார் மனுஷர். மடக்கப் போன போலீஸாருக்கே, காரை நெருங்கியதும் கட்டுப்பாட்டு அறையோடு பேச்சு அறுந்தது. அபராதம் 48,000 டாலர்.

சரி, போலீஸ், தீயணைப்பு மாதிரி அவசர வேலைக்காரர்களுக்கு எந்த ரேடியோ தாங்கும்? அமெரிக்கப் போலீஸிடம் பரவலாக இருப்பது பி25 என்ற டிஜிட்டல் வாக்கி டாக்கி முறை. தெளிவு, ரகசியம் இரண்டிலும் பழைய அனலாக் எஃப்எம் அதன் கிட்டே வராது. ஜாமர் என்று வந்தால் கதை தலைகீழ். எஃப்எம்மில் வலுத்த சிக்னல் ஜெயிக்கும். அதை அமுக்க நினைப்பவர் ஏறக்குறைய அதே வலுவில், பேச்சு முடியும்வரை கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பி25-இல் ஒரு குரல் துண்டுக்கு 1728 பிட். அது என்ன துண்டு என்று சொல்லும் 64 பிட்டைக் கெடுத்தாலே போதும், மீதி ஒழுங்காக வந்து சேர்ந்தும் ரேடியோ வாய் திறக்காது. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிக் கெடுக்கும் ஜாமராக எடுத்துக்கொண்டது, சிறுமிகள் மெசேஜ் அனுப்பி விளையாடும் ஒரு பொம்மை!

அடுத்து, மீட்புப் பணியாளர்களுக்கென்றே வந்த அமெரிக்க நெட்வொர்க் ஃபர்ஸ்ட்நெட். 700 மெகாஹெர்ட்ஸில் எல்டிஇ, நம் 4ஜி போன்களில் இருக்கும் அதே நுட்பம். ஒரு அலைவரிசை போனால் வணிக அலைவரிசைக்குத் தாவலாம், அது பெரிய பலம். ஆனால் கருவிகள் நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கும் ஒத்திசைவு சிக்னல் நடுவில் ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. எல்டிஇயின் இந்த மாதிரி பலவீனங்களை வர்ஜீனியா டெக் 2012-லேயே அரசிடம் எழுதிக் கொடுத்தது.

முரட்டுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அமெரிக்க ராணுவத்தின் சிங்கார்ஸ் ரேடியோதான். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, நொடிக்கு 111 தடவை அலைவரிசை மாறும். தீயணைப்புக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இரு பக்க ரேடியோவிலும் கடிகார நேரமும் ரகசியக் குறியீட்டுச் சாவியும் ஒத்துப்போனால்தான் பேச்சு. பக்கத்து மாவட்ட வண்டி உதவிக்கு வந்தால் ஊமையாக நிற்கும்.

என் கையில் பணம் இருந்தால் பி25 இருக்கட்டும் என்பேன். ஒவ்வொரு வாக்கி டாக்கியிலும் டவர் இல்லாமல் நேராகப் பேச ஒரு அனலாக் சேனல், மாதம் ஒருமுறை அதில் பழக்கம். அப்புறம், சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவி வைத்த ஒரு வண்டி. ஜாமர் கத்தித்தான் ஆக வேண்டும், கத்தினால் இடம் தெரியும். ஃபுளோரிடா காரைப் பிடித்ததும் அப்படித்தான். அதுவும் ஒரு செல்போன் நிறுவனம் தன் டவர்களில் கோளாறு என்று புகார் கொடுத்த பிறகு. அதற்குள் ஜாமர் ஒரு வருஷத்துக்கு மேல் சாலையில் ஓடியிருந்தது.