பார்மாவா, டாமரா: எங்கள் அடைப்புக்கு எந்த வாலபி?

தெற்கு ஆஸ்திரேலியாவில் நான் வேலை பார்க்கும் சின்ன விலங்குக் காட்சியகத்தில் ஓர் அடைப்பு காலியானபோது, கங்காருவின் சின்ன உறவான வாலபியில் பார்மா இனத்தை விடுவதா டாமர் இனத்தை விடுவதா என்று பேச்சு வந்தது. நான் டாமர் பக்கம் நின்றேன். நான்கு வருடம் ஆகிறது, இன்றும் அதே பக்கம்தான்.

தீவனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: உலர்ந்த புல், தழை, கொஞ்சம் பெல்லட் (உருட்டிய உலர் தீவனம்). ஈறைக் குத்தும் முரட்டுப் புல் கூடாது, தாடையில் சீழ் பிடிக்கும். பூனையை அண்டவிடவே கூடாது. அதன் எச்சத்தால் பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இரண்டையுமே கொல்லும்.

பூர்வீகக் கதையும் ஒன்றோடொன்று பின்னியதுதான். 19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தின் கவாவ் தீவுக்கு அந்நாட்டு ஆளுநராக இருந்த ஜார்ஜ் கிரே இரண்டையும் கொண்டுபோனார். அழிந்துவிட்டதாக நினைத்த பார்மா 1965இல் அங்கே உயிரோடு கிடைத்தது. எங்கள் தெற்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அற்றுப்போன டாமரும் அந்தத் தீவில்தான் மிஞ்சியிருந்தது. அந்த வழிவந்தவற்றை 2004இல் எங்கள் மாநிலத்தின் இன்னஸ் தேசியப் பூங்காவில் திரும்ப விட்டார்கள். இதைப் பார்வையாளர்களிடம் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது குட்டி ஈனும் காலம். டாமரின் கரு மாதக்கணக்கில் உறங்கும். டிசம்பர் 22 வாக்கில், தென் அரைக்கோளமான இங்கே பகல் குறையத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். ஜனவரிக் கடைசியை ஒட்டிப் பெரும்பாலான பெண்கள் ஈன்றுவிடும். பிறக்கும் குட்டி அரை கிராம்கூட இருக்காது.

அதனால் மார்ச் நடுவில் ஒரே ஒரு முறை பெண்களைப் பிடித்துப் பை பார்க்கிறோம். அந்த வயதில் எல்லாக் குட்டிகளும் காம்பை இறுகக் கவ்வியிருக்கும், எளிதில் கழலாது. கழல ஆரம்பிப்பது நூறு நாளுக்கு மேல்தான். அப்புறம் தாயைத் துரத்தினால், பயத்தில் அது பையைத் தளர்த்த, குட்டி கீழே விழும். பார்மா வருடம் முழுக்க ஈனும். எந்த நாளில் பிடித்தாலும் யாராவது ஒருத்தியின் பையில் அந்த ஆபத்தான வயதுக் குட்டி இருக்கலாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி விழுந்த பார்மா குட்டி ஒன்றை என் கையிலேயே இழந்தேன். பிடிபடும் பதற்றத்தில் தசை சிதைந்து சில நாளில் தாயே செத்துப்போவதும் உண்டு. பிடிப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

டாமரிலும் தொல்லை இருக்கிறது. ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி இணைசேரும். இரண்டு மூன்று ஆண்கள் இருந்தால் அவளை ஓட ஓட விரட்டும். ஜனவரி பிறக்கும் முன்பே ஓர் ஆணை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள். ஜூன் நடுவுக்குள் குட்டி இறந்தால், அந்த இணைசேர்தலில் உண்டாகி உறங்கும் கரு விழித்து ஒரு மாதத்துக்குள் இன்னொன்று பிறக்கும். அதற்குப் பின் இறந்தால் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பார்மாவோடு எனக்கு ஒரு குளிர்காலப் பழக்கம்தான், அதுவும் மூன்றே மூன்று. ஆகவே அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. நியூ சவுத் வேல்ஸின் ஈரக் காட்டு விலங்கு அது, அழிவின் விளிம்பை நெருங்கிய இனம். நிழலும் அடர்ந்த புதரும் உள்ள அடைப்பு உங்களிடம் இருந்தால் தயங்காமல் பார்மாவையே கேளுங்கள். பை பார்க்க மட்டும் ஓடாதீர்கள். தீவனத் தொட்டியருகே ஒரு கேமரா வைத்தால், பை தொங்குவதை வைத்தே ஓரளவு கணிக்கலாம்.