புது லேப்டாப்பில் ‘செவன்’ போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

டி.டி.பி. வேலை செய்பவர்கள், பழைய டேலியை இன்னும் விடாதவர்கள், டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும், பென்டிரைவ் மாதிரியான சாதனம்) செருகினால்தான் திறக்கும் மென்பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 7 போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் உடனே கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செவனைப் போடாமலேயே போட்டதாகக் காட்டினார்கள். லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸை அழித்தார்கள். அப்புறம் அதையே எனக்கு விலைக்கு விற்கவும் பார்த்தார்கள்.

அருப்புக்கோட்டையில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பங்குனிப் பொங்கல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட வினாத்தாள் என்று எல்லாம் வரும். பெரும்பாலான கோப்புகள் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. தமிழ் டைப்பிங் மென்பொருள் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தது. அதன் எழுத்துருக்கள் அதோடு மட்டும்தான் சரியாக வரும். யூஎஸ்பி டாங்கிள் இல்லாமல் அது திறக்காது. அந்த டாங்கிளை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற நிரல், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது, மென்பொருளைத் தயாரித்தவர்களோ தொழிலையே விட்டுவிட்டார்கள். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

இத்தனை வருடமும் 32 பிட் செவன் போட்ட டெஸ்க்டாப்பில்தான் வேலை ஓடியது. அதன் மதர்போர்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் லேப்டாப் வாங்கினேன். 12-ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், கூடவே ஆஃபீஸ் 2021. நல்ல மெஷின். டாங்கிள் மட்டும்தான் பிரச்சினை.

மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டேன். டாங்கிளையும் பழைய சிடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி, “32 பிட் செவன்தான் வேணும், வேற எது போட்டாலும் இது ஓடாது” என்று சொன்னேன். கடைக்காரர் டாங்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புது லேப்டாப்புக்கு டிரைவர் சிக்காதுக்கா. வேற யார்கிட்ட போனாலும் முடியாதுன்னுதான் சொல்வாங்க. நம்மகிட்ட ஸ்பெஷல் ஐஎஸ்ஓ இருக்கு, போட்டுரலாம்” என்றார். ஐஎஸ்ஓ என்பது விண்டோஸை இன்ஸ்டால் செய்யும் கோப்பு. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேரும்க்கா, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு” என்று ஒரு துண்டுச் சீட்டில் மாடல் பெயரை எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன்.

நாளைக்கு வாங்க, திங்கட்கிழமை வாங்க என்று இழுத்தடித்து, ஒருவழியாகத் தந்தார்கள். திறந்ததும் செவன்தான். அதே நீலப் பின்னணி, நடுவில் நாலு வண்ணக் கொடி, இடது மூலையில் உருண்டை ஸ்டார்ட் பட்டன். கடையிலேயே பேஜ்மேக்கரைத் திறந்து காட்டினார்கள். “டாங்கிள் டிரைவரை நீங்க வீட்ல போய்ப் போட்டுக்கங்கக்கா, அது உங்க சாஃப்ட்வேர்” என்றார்கள்.

வீட்டில் டாங்கிள் டிரைவர் ஏறவில்லை. இந்த விண்டோஸ் பதிப்புக்கு ஒத்துவராது என்று பிழைச்செய்தி வந்தது. என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். ஃபோனில் அவனிடம் சொன்னேன்.

“சித்தி, டெஸ்க்டாப்பைப் பார்த்து எதையும் நம்பாதீங்க. விண்டோஸ் பட்டனையும் ஆரையும் சேர்த்து அழுத்துங்க. சின்ன டப்பா ஒண்ணு வரும். அதுல டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்னு அடிச்சு என்டர் தட்டுங்க.”

தட்டினேன். விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பு என்று வந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் 64 பிட். ஸ்டார்ட் பட்டன், டாஸ்க்பார், படம் எல்லாமே மேலே போர்த்திய தீம். செவன் மாதிரி தோற்றம் கொடுக்கும் தீம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். டாங்கிளைக் கையில் வாங்கிப் பார்த்து, எதற்காகக் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அவன் அடுத்துப் பார்க்கச் சொன்னது, விண்டோஸ் உரிமம் செல்லுபடியாகிறதா என்று காட்டும் ஆக்டிவேஷன் பக்கம். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் செயல்படுத்தப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குச் சேர்த்து உரிமம் வாங்கும்போது பயன்படுத்தும் முறை அது. தனி ஆளின் லேப்டாப்பில் அந்த வரி இருந்தால், பெரும்பாலும் கிராக் போட்டு, அதாவது உரிமம் இல்லாமலேயே ஏமாற்றி ஓட வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும், நடுநடுவே புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பின்னணியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துவிடக் கூடாதென்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரையும் சேர்த்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆதார் நகல், குழந்தைகளின் ஃபோட்டோ எல்லாம் வந்து சேரும் மெஷின் இது. அந்த ஃபோல்டரில் வேறென்ன இருந்ததோ.

செவன் போட முடியாது என்பதை அவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. செவன் வெளிவந்தது 2009-இல். அதன் டிவிடியில் யூஎஸ்பி 3-க்கு டிரைவர் இல்லை, அதனால் இன்ஸ்டால் செய்யும்போதே யூஎஸ்பி மவுசும் கீபோர்டும் செத்துப்போகும். என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டியையும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டையும் டிரைவர் சேர்த்த ஐஎஸ்ஓவை வைத்துச் சமாளித்துவிடலாம், ‘ஸ்பெஷல்’ என்று சொல்வது அதைத்தான். ஆனால் இப்போது வரும் பல லேப்டாப்களில் கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸ் முறையே கிடையாது, அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ மட்டும்தான். பழைய முறையை 2020-க்குள் நிறுத்தப்போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. 64 பிட் யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள மெஷினில் 32 பிட் விண்டோஸ் பூட்டே ஆகாது. எந்த ஐஎஸ்ஓவாக இருந்தாலும் சரி. ஆக, நான் கேட்டதைச் செய்து தர என் லேப்டாப்பில் வழியே இல்லை. எப்படியாவது 64 பிட் செவனை உள்ளே தள்ளினாலும் 12-ஆம் தலைமுறை கிராஃபிக்ஸுக்கு இன்டெல் அதற்கு டிரைவர் தரவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூட முடியாது. புதிய புராசஸர்களுக்கு இனி விண்டோஸ் 10-இல்தான் ஆதரவு என்று மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது.

மறுபடியும் கடைக்குப் போனேன். விண்டோஸ் 10 என்று காட்டிய அந்த வின்வெர் திரையைக் காட்டியதும் முகம் மாறியது. “செவனும் டென்னும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான்க்கா” என்று ஆரம்பித்தார். சரி, நீங்கள் செவன் போட வேண்டாம், வாங்கும்போது இருந்த விண்டோஸ் 11-ஐயே போட்டுக் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

“கம்பெனி கீ ஒரு தடவைதான்க்கா வேலை செய்யும். ஃபார்மட் அடிச்சாச்சுன்னா போச்சு. ஒரிஜினல் கீ வேணும்னா 4,200 ஆகும். அதுக்கு மேல இன்ஸ்டலேஷன் சார்ஜ்.”

இது முழுப் பொய். இந்த ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு சேர்த்து விற்கப்படும் லேப்டாப்களில் அதன் கீ, அதாவது உரிம எண், மதர்போர்டிலேயே எழுதப்பட்டு வருகிறது. டிஸ்க்கை எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும், எஸ்எஸ்டியையே கழற்றி வேறு போட்டாலும் அது அழியாது. அதே எடிஷனை, அதாவது அதே வகை விண்டோஸை, மறுபடி இன்ஸ்டால் செய்து இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நாம் லேப்டாப் விலையோடு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. அதை நமக்கே விலை சொல்பவர் தெரியாமல் சொல்லவில்லை, தினமும் பத்து லேப்டாப் பார்ப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அந்த வார இறுதியில் அக்கா மகன் ஊருக்கு வந்தான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐ ஒரு பென்டிரைவில் இறக்கினோம், 8 ஜிபி இருந்தால் போதும். பயாஸுக்குள் (யூஇஎஃப்ஐ அமைப்பையும் வழக்கத்தில் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள்) போய்ப் பார்த்தால், அனுமதியில்லாத நிரல் தொடக்கத்திலேயே ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கம்பெனி அமைப்புக்கே திருப்பினான். இன்ஸ்டால் ஆரம்பித்ததும் டிஸ்க் எதுவும் இல்லை என்று காட்டியது. எனக்குப் பகீரென்றது. “பயப்படாதீங்க சித்தி, டிஸ்க் எங்கயும் போகலை” என்று சொல்லி, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடலைத் தேடி, இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை அதே பென்டிரைவில் போட்டு, ‘லோடு டிரைவர்’ கொடுத்தான். 512 ஜிபி டிஸ்க் வந்து நின்றது. 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்களில் இப்படித்தான் ஆகுமாம். இதைக் காட்டி “எஸ்எஸ்டி போயிருச்சு, மாத்தணும்” என்று சொல்லும் கடைகளும் உண்டு என்றான். வைஃபை டிரைவரும் முதலில் இல்லை, ஃபோனை ஒயரில் செருகி நெட் கொடுத்தோம். எந்த எடிஷன் என்றுகூட அது எங்களிடம் கேட்கவில்லை. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் தானாக ஏறியது, ஆக்டிவேட்டும் ஆகிவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

ஆஃபீஸை வாங்கிய அன்றே என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்திருந்தேன், அதனால் உள்ளே நுழைந்து திரும்ப இறக்கிக்கொள்ள முடிந்தது. கம்பெனி விண்டோஸைத் திரும்பக் கொண்டுவர டிஸ்க்கிலேயே ஒதுக்கி வைத்திருந்த ரெக்கவரி பார்ட்டிஷன்தான் போனது போனதுதான். எச்.பி., டெல், லெனோவோ போன்ற கம்பெனிகள் ரெக்கவரி பென்டிரைவ் தயாரித்துக்கொள்ள வசதி வைத்திருக்கின்றன. உங்கள் மாடலுக்கு உண்டா என்று பார்த்து முதலிலேயே ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்கிள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ். இலவசம். விண்டோஸ் 11-க்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கணினி ஓடுவது மாதிரி. அதில் என்னிடம் பெட்டியோடு இருந்த 32 பிட் செவன் டிவிடியைப் போட்டோம். அமைப்பில் யூஎஸ்பி 2.0-ஐத் தேர்ந்தெடுத்து, டாங்கிளை அந்த ஜன்னலுக்கு ஒதுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் செவன் அதை நேரடியாகச் செருகியதாகவே எடுத்துக்கொள்கிறது. டிரைவர் ஏறியது, தமிழ் மென்பொருள் திறந்தது. வேகம் டெஸ்க்டாப்பை விடக் குறையவில்லை. செவனுக்கு 2020 ஜனவரி 14-உடன் பொதுவான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் அந்த ஜன்னலுக்கு நெட் இணைப்பே கொடுக்கவில்லை. கோப்புகளை ஷேர் செய்த ஒரு ஃபோல்டர் வழியாக மட்டும் எடுக்கிறோம். எல்லா டாங்கிளும் இப்படி ஓடும் என்று சொல்ல மாட்டேன், பழைய லேப்டாப் ஒன்றில் முதலில் முயன்று பாருங்கள்.

உங்கள் லேப்டாப்பை எதற்காகவாவது கடையில் கொடுக்க வேண்டியிருந்தால், கொடுப்பதற்கு முன் ஆக்டிவேஷன் பக்கத்தையும் ‘அபௌட்’ பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், எடிஷன் பெயர் அதில் தெரியும். இன்னொன்று. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, கணக்கைத் திறந்து தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது போய்விடும்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் முடியாதோ என்று நினைத்தேன், ஜிபே பதிவையும் துண்டுச் சீட்டையும் வின்வெர் திரையின் ஃபோட்டோவையும் இணைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். புகார் போன பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது, 2,000 தருகிறோம் முடித்துக்கொள்ளுங்கள் என்று. முழுப் பணமும் வேண்டும், கீ விற்பதாகச் சொன்னது பொய் என்று எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.