ரிம் மாற்றிய ஜிம்னி ஆடுகிறது: டாம்பரா, கிங்பின்னா?

மணிக்கு 75 கிலோமீட்டர். அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. சரியாக அந்த வேகத்தில், தென்னாப்பிரிக்காவின் உம்கேனி ஆற்றுப் பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. லேசான நடுக்கம் இல்லை. டாஷ்போர்டு மேல் வைத்திருந்த விபூதி டப்பா உருண்டு மனைவி மடியில் விழுகிற அளவுக்கு ஆட்டம். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மெல்ல வேகம் குறைத்ததும் 50-ல் அடங்கியது. ரிம் மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

என்னுடையது 2012 சுசுகி ஜிம்னி, நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி. 1998-ல் வந்து 2018 வரை விற்ற மூன்றாம் தலைமுறை வண்டி. அதில் 15 அங்குல, 5.5 அகல ரிம், ஆஃப்செட் (ரிம் பூட்டும் முகம் அதன் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்பது; குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்) பிளஸ் 5, டயர் 205/70. நான் போட்டது அதே 15 அங்குலத்தில் 7 அகலம், ஆஃப்செட் மைனஸ் 20, டயர் 215/75, சேற்றுக்கான மட் டெரெய்ன். ஆசைதான், வேறென்ன. கடற்கரை மணலுக்கு அகல டயர் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் வண்டி ஓட்ட 2002-லிருந்தே தடை என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படி ஆடுகிற வண்டியோடு நிற்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் வந்து நிற்கும். ஒன்று, புது ரிம்மை வைத்துக்கொண்டே தடிமனான ஸ்டீயரிங் டாம்பர், அதாவது ஸ்டீயரிங் ஆட்டத்தை அமுக்கும் எண்ணெய்க் குழாய், போடுவது. இன்னொன்று, பழைய ஆஃப்செட்டுக்குத் திரும்பி, முன் அச்சில் சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்குகளைப் புதுப்பிப்பது. நான் முதலாவதில் எட்டு மாதம் இருந்தேன். இரண்டாவதில் இரண்டு வருடமாக இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

எந்த வழியில் போனாலும் முதலில் செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். நட் புது ரிம்முக்கு ஏற்றதுதானா என்று பாருங்கள்; கூம்பு வாய் உள்ள ரிம்மில் தட்டை நட் போட்டால் சக்கரம் நடுவில் உட்காராது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒரு கைப்பிடி ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் போய்விடும். காற்று: என் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டை முன்சக்கரத்துக்கு 1.6 பார் என்கிறது, டயர் கடைக்காரர் பழக்க தோஷத்தில் 2.4 அடித்து அனுப்பியிருந்தார். அப்புறம் முன்சக்கரம் இரண்டையும் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் குற்றவாளி டயரோ ரிம்மோதான், அச்சை நோண்ட வேண்டாம். எனக்கு மாற்றிய பிறகும் ஸ்டீயரிங்தான் ஆடியது.

சரி, டாம்பர். இதைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாட்ட அரை மணி நேரம் போதும். மாட்டிய அன்றே பாலத்தின் மேல் ஆட்டம் காணாமல் போனது. அண்டர்பெர்க் தாண்டி லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் கணவாயின் அடிவாரத்தில், அலை அலையாக வரி விழுந்த சரளைச் சாலையில் கை வலிக்காமல் ஓட்டினேன். 2800 மீட்டருக்கு மேல் ஏறி லெசோத்தோ பக்கம் போய்த் தேநீர் குடித்துவிட்டு இறங்கியபோதும் ஒரு குறையும் இல்லை. வாடகைக்கு எடுத்த வண்டி, அடுத்த மாதம் விற்கப் போகிற வண்டி என்றால் நானும் டாம்பரோடு நிறுத்தியிருப்பேன்.

எட்டாவது மாதம் ஆட்டம் திரும்பி வந்தது. இந்த முறை 65-லேயே. கூடவே ஒரு புது வியாதி: நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நடுவில் ஏதோ பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்ததுபோல நிற்கும்; சற்றுத் திருப்பினால் மெல்ல எகிறி அடுத்த பக்கம் போகும். டாம்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. இதைவிடத் தடிமனான டாம்பர் இருக்கிறது என்றார் கடையில்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த்தில் மனைவியின் சித்தப்பா இருக்கிறார்; நான் சின்ன மாமா என்பேன். நாற்பது வருடம் லாரி, பக்கி (பிக்கப் வண்டி) என்று கழற்றிப் பூட்டியவர். அந்த ஊர்ப் பெரியவர்கள் பலரைப்போல அவருக்கும் தமிழ் கோயிலுக்கும் வீட்டுக்கும்தான், பட்டறையில் ஆங்கிலம். ஆனால் திட்டும்போது தமிழ் வந்துவிடும். நான் டாம்பர் பெருமையைச் சொல்லி முடித்ததும், “ஆடுற பல்ல நூல் போட்டுக் கட்டிட்டு கரும்பு கடிக்கிறீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்டினார். டக், டக் என்று சத்தம். என்னை உள்ளே ஏறி பிரேக்கை அழுத்தச் சொன்னார். இந்தச் சோதனை யாரும் செய்யலாம்: பிரேக் அழுத்தியதும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது, அழுத்தியும் நிற்காவிட்டால் கிங்பின். நிற்கவில்லை.

முன் அச்சின் இரு முனையிலும் சக்கரம் திரும்புவதற்காக மேலும் கீழும் ஒவ்வொன்றாக மொத்தம் நான்கு சிறிய கூம்பு ரோலர் பேரிங்குகள். அவைதான் கிங்பின் பேரிங். கழற்றியபோது சீலைத் தாண்டித் தண்ணீர் போயிருந்தது தெரிந்தது. கிரீஸ் பால் அதிகமான டீ நிறத்தில் இருந்தது. மாமா கீழ்ப் பேரிங்கின் வெளிக் கிண்ணத்தைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். பளபளப்பான உட்சுவரில் வரிசையாகக் கோடுகள், முறுக்கைக் கடித்த பல் தடம் போல. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டுப்படும். வண்டி நேராகப் போகும் நேரமே அதிகம் என்பதால் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று மாதக்கணக்காக அடி வாங்கியிருக்கின்றன. ஸ்டீயரிங் நடுவில் விழுந்த பள்ளம் அதுதான்.

அந்த அடி ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் டாம்பர் வழி தோற்கிறது. சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின் கோட்டைத் தரை வரை நீட்டினால் டயரின் நடுவுக்குச் சற்று உள்ளே தொடும். இந்த இடைவெளிதான் நெம்புகோல். ஒரு கல்லில் டயர் மோதினால் அந்த நெம்புகோல் நீளத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பும். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடி பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். பிளஸ் 5-லிருந்து மைனஸ் 20-க்குப் போனதில் டயரின் நடு 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளிவிட்டது. ரிம் அகலமும் கூடியதால் வெளி விளிம்பு 44 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு மட் டயர் கனமானது.

டாம்பர் இந்த நெம்புகோலை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைப்பதில்லை. ஆட்டம் வேகமெடுப்பதை மட்டும் அமுக்கிப் பிடிக்கிறது. பேரிங்குக்கு விழும் அடி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. வித்தியாசம், அது என் கைக்குத் தெரிவதில்லை. முதல் வாரமே கிங்பின்னைப் பார்த்திருந்தால் ஷிம் என்ற மெல்லிய தகட்டைச் சரிசெய்வதோடு முடிந்திருக்கும். எட்டு மாதம் தெரியாமல் ஓட்டியதால் நான்கு பேரிங், இரண்டு பக்க சீல், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனை ஒன்று என்று பட்டியல் நீண்டது. டாம்பரின் விலையோடு கூட்டிப் பார்த்தபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதைவிடக் கஷ்டம்.

பூட்டும்போது ஒரு விஷயம் கவனித்தேன். பேரிங் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு இறுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. இறுக்கம் குறைந்தால் ஆட்டம் வரும். அதிகமானால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. கிங்பின்னோடு வரும் மெல்லிய ஷிம் தகட்டை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். டை ராடைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் ஓட்டையில் மாமா மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கோத்து இழுத்தார். எத்தனை எடையில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) அசையத் தொடங்குகிறது என்று பார்த்து, சுசுகி கையேட்டில் உள்ள எல்லைக்குள் வரும்வரை ஷிம்மை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மத்தியானம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் வந்து, என்ன மீன் என்று கேட்டார்.

இந்த வழிக்கும் குறை உண்டு. முதலில் நேரம்: பழகிய கைக்கே இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முழு நாள். இப்போது பழைய 5.5 ரிம்மில் 215/75 ஆல் டெரெய்ன் போட்டிருக்கிறேன். கம்பெனி டயரைவிட விட்டத்தில் 35 மில்லிமீட்டர் உயரம், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஐந்து கிலோமீட்டர் அதிகமாகவே ஓடும், அது பழகிவிட்டது. வண்டி பார்க்க மறுபடி ஒல்லிக்குச்சியாகிவிட்டது. பக்கவாட்டுச் சரிவில் அகல ரிம் தந்த தைரியம் இப்போது இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து என்3-ல் இறங்கும்போது ஒரு கையில் பிடித்து ஓட்ட முடிகிறது. இரண்டு வருடத்தில் முன் அச்சைத் திறந்தது ஒரே ஒருமுறை, சானி போய்வந்த பிறகு கிரீஸ் பார்க்க. டீ நிறம் இல்லை.

விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே வண்டி கைமாறும்போது ரோட்வொர்த்தி, அதாவது வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். முன் அச்சில் பிளே (தளர்ந்த ஆட்டம்) இருந்தால் அங்கே டாம்பர் காப்பாற்றாது. சோதிப்பவரும் மாமா செய்ததைப்போலச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டித்தான் பார்ப்பார். மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர் அவர் கண்ணில் முதலில் படும்.

புது கிங்பின், அகல ரிம், டாம்பர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். நான் அப்படி ஓட்டியதில்லை. ஆடாமல் ஓடும் என்றுதான் நினைக்கிறேன். பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம், நெம்புகோல் அப்படியேதானே இருக்கிறது. ரிம்முக்கும் அச்சுக்கும் நடுவில் ஸ்பேசர் தகடு போட்டவர்களுக்கும் கணக்கு இதுவேதான். 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் என்றால் அதே 25. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது: அவற்றில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், கிங்பின் கிடையாது, பால் ஜாயின்டையும் அலைன்மென்ட்டையும் பார்க்க வேண்டும். கலஹாரி மாதிரி ஆழ்மணலில் வாரக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு அகல ரிம் தேவைப்படலாம். என் மணல் அனுபவம் ஒரு கரும்புத் தோட்டத்து ஓடையைத் தாண்டியதோடு சரி.

வண்டியை உயர்த்தியிருந்தால் இன்னொரு நோய் வரும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் காஸ்டர் கோணம், அதாவது கிங்பின் கோடு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். வண்டி ஆடாது, அலையும். நேர்ச்சாலையில் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதற்கு டாம்பரும் வேண்டாம், கிங்பின்னும் வேண்டாம். காஸ்டரைத் திருத்தும் புஷ் போட வேண்டும்.

டாம்பரை நான் கழற்றவில்லை. சரளைச் சாலையில் கைக்குச் சுகம், இருக்கட்டும். ஆனால் வருடம் ஒருமுறை ஒரு முனையைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் அந்தப் பாலத்தின் மேல் 75-ல் ஒரு தடவை போய்வருகிறேன். ஆடினால் உடனே தெரிந்துவிடும். போன ஈஸ்டர் வாரம் போனேன், ஆடவில்லை. அகல ரிம் நான்கும் மாமா வீட்டு கராஜில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் தோட்டத்துக் குழாயைச் சுற்றி வைத்திருக்கிறார். வாங்க ஆள் வந்தால், என்ன வண்டிக்கு என்று மாமா முதலில் கேட்பார்.