கொழும்புத் தனியார் கம்பஸா, பம்பைமடுவா, வீட்டிலிருந்தே பி.ஐ.ரி.யா? ஒரு வன்னிக் கணக்கு

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கையோடு வன்னி வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் புள்ளி காணுமா, காணாவிட்டால் என்ன செய்வது? நாட்டில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரை. மிச்சப் பேரைக் குறிவைத்துத்தான் தனியார் கம்பஸ்களின் பதாகைகள் வவுனியா தொடங்கிப் பரந்தன் வரை தொங்குகின்றன.

பொத்தாம் பொதுவாக ‘தனியார் நல்லதா, கூடாதா’ என்று கேட்டால் பதில் வராது. ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். கிளிநொச்சி. மூன்று பாடமும் சித்தி. விருப்பம் ஐ.ரி. அல்லது முகாமைத்துவம். கேட்ட துறைக்கு வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே எடுபடும் ஆகக்குறைந்த இசட் ஸ்கோர், மட்டுமட்டாக இருக்கிறது. வீட்டில் இரண்டு ஏக்கர் வயல், அம்மாவின் கொஞ்ச நகை, கனடாவில் ஒரு சித்தப்பா. இந்தப் பிள்ளைக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கொழும்பில் ஒரு தனியார் பட்டம். மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.ரி., ஹோமாகமப் பக்கம் என்.எஸ்.பி.எம்., வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் தரும் ஐ.ஐ.ரி. என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டணம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குக்காக நான்கு ஆண்டுப் பாடநெறிக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். இது எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல.

பெற்றோர் இந்த 20 லட்சத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மாலபேயிலோ ஹோமாகமவிலோ போடிங், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 38,000 ரூபா என்று சிக்கனமாகப் போட்டாலும், 48 மாதத்துக்கு 18 லட்சத்தைத் தாண்டுகிறது. அதோடு ஒரு மடிக்கணினி, பொங்கல் தீபாவளிக்கு வந்துபோகும் செலவு. மொத்தம் 40 லட்சம். படிப்புக்குக் கொடுக்கும் காசில் ஏறக்குறையப் பாதி கொழும்பில் இருப்பதற்கே போகிறது. கொழும்புப் பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு 20 லட்சத்தில் வாங்கும் அதே பட்டத்தை எங்கள் பிள்ளை இரட்டிப்பு விலைக்கு வாங்குகிறது. விளம்பரப் புத்தகத்தில் இந்த வரி இருக்காது.

இதை நெல்லில் பார்ப்போம். 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபா உத்தரவாத விலை அறிவித்தது. அறுவடை நேரத்தில் அந்த விலையும் கைக்கு வருவதில்லை என்பது இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் எல்லோருக்கும் தெரியும். சரி, வந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 2,000 கிலோ என்றால் இரண்டு ஏக்கரில் ஒரு போகத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். உழவு, உரம், மருந்து, வெட்டுக்கூலி போகப் பாதி மிஞ்சினால் 2 லட்சத்து 40 ஆயிரம். 40 லட்சத்துக்குப் பதினாறு, பதினேழு போகம் வேண்டும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் எல்லோருக்கும் ஒவ்வொரு ஆண்டும் கிடைப்பதில்லை. மழைக்காலக் காலபோகம் மட்டும் செய்கிற வீட்டுக்கு அது பதினேழு ஆண்டு நெல். அதற்குள் வீட்டில் வேறு யாரும் சாப்பிடக் கூடாது.

அப்போ காசு எங்கிருந்து வரும்? சித்தப்பா முதல் இரண்டு செமஸ்டருக்கு அனுப்புவார், அப்புறம் அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. நகை அடகுக்குப் போகும். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் ஒன்று 2017இலிருந்து இருக்கிறது. தெரிவு செய்யப்பட்ட அரசசாராக் கல்வி நிறுவனங்களில், தெரிவு செய்யப்பட்ட பட்டங்களுக்கு மட்டும். வட்டியை அரசாங்கம் கட்டும், கடன் தொகையைப் படிப்பு முடிந்தபின் பிள்ளை கட்டும். தனியார் வழிதான் என்று முடிவானால் அடகுக்கடைக்குப் போகுமுன் கேட்கவேண்டியது இந்தக் கடனைத்தான். ஆனால் வங்கி பிணையாளி கேட்கும், கொழும்பு வாழ்க்கைச் செலவு முழுவதையும் அது தாங்காது.

இனி வரவு. தனியார் பட்டத்தை நல்லது கெட்டது என்று பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவு, முதல் சம்பளத்தில் கொழும்புச் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்பது. ஐ.ரி. படித்து, மூன்றாம் ஆண்டில் நல்ல கம்பனியில் இன்டர்ன்ஷிப் செய்து, மாதம் ஒரு லட்சத்தில் வேலைக்குச் சேர்ந்தால், 60,000 அங்கே போனாலும் 40,000 வீட்டுக்கு வரும். 40 லட்சம் திரும்ப எட்டு ஆண்டு சொச்சம். சம்பளம் உயர உயர அது ஐந்தாகச் சுருங்கலாம். பரவாயில்லை, தாங்கலாம். அதே காசைக் கொட்டிப் பொதுவான முகாமைத்துவப் பட்டம் எடுத்து, 65,000 ரூபாவுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியிலோ லீசிங் கம்பனியிலோ சேர்ந்தால் மிஞ்சுவது ஐயாயிரம். அந்தப் பட்டத்தின் கடன் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கும். ஆகவே ‘தனியார் பட்டம்’ என்று ஒரே பொருளாகப் பேசுவதை விடவேண்டும். அதில் இரண்டு மூன்று துறைகள்தான் வன்னிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொரு மறைமுகச் செலவு ஆங்கிலம். எங்கள் பிள்ளைகள் ஏ.எல். வரை தமிழில் படித்தவர்கள். தனியார் கம்பஸில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலம், பக்கத்தில் இருப்பது சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை. முதல் ஆண்டில் ஒரு பாடம் தவறினால் மீளப் படிக்கத் திரும்பவும் காசு கட்டவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில்தான் தட்டுப்படுகிறார்கள்.

தனியாருக்குச் சார்பாகச் சொல்லவேண்டியதும் இருக்கிறது. முக்கியமானது காலம். ஏ.எல். எழுதி அரச கம்பஸுக்குள் காலடி வைக்க ஓராண்டுக்கு மேல் இழுபடுகிறது. உள்ளே போனபின்னும் நிச்சயமில்லை: 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. தனியாரில் சேர்ந்தவர் வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு சம்பளம் எடுத்தபின்தான் அரச கம்பஸ் நண்பர் பட்டத்தோடு வெளியே வரவும் கூடும். மாதம் ஒரு லட்சம் என்றால் அது 24 லட்சம், சின்னத் தொகையல்ல. கொழும்பில் இருப்பதால் கிடைக்கும் அறிமுகமும் உண்மை. இன்டர்ன்ஷிப் கொடுக்கும் கம்பனிகள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாவது வழி பம்பைமடு, அதாவது வவுனியாப் பல்கலைக்கழகம். வவுனியா வளாகமாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சிப் பிள்ளை வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம்.

படிப்புக் கட்டணம் இல்லை. பஸ்ஸும் சாப்பாடும் மாதம் 15,000 என்று போட்டால் நான்கு ஆண்டுக்கு 7 லட்சத்துச் சொச்சம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ஆக உயர்த்திய மகாபொல உதவித்தொகை கிடைத்தால் அதில் பாதியளவு அடைபடும். 40 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல.

ஆனாலும் எங்கள் ஆட்கள் பலர் பம்பைமடுவை இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள். ‘வவுனியா கம்பஸ்தான் கிடைத்தது’ என்று சொல்லும்போது அந்தத் ‘தான்’ எனக்குப் பிடிப்பதில்லை. ஐ.ரி. பட்டத்தை அங்கே எடுத்தவருக்கும் மாலபேயில் எடுத்தவருக்கும் நேர்முகத்தில் வரும் கேள்வி ஒன்றுதான். வித்தியாசம், வவுனியாப் பிள்ளை இன்டர்ன்ஷிப்பைத் தானே தேடிப்பிடிக்கவேண்டும். அந்த ஆறு மாதம் மட்டும் கொழும்பில் தங்க இரண்டரை லட்சம் ஒதுக்கிவைத்தால் தனியாரின் பெரிய அனுகூலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கியாயிற்று. 40 லட்சம் செலவழிக்கத் தயாரான வீடு இந்த இரண்டரை லட்சத்துக்கு யோசிப்பதுதான் வேடிக்கை.

வெட்டுப்புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான துறைகளில் அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு நான்குமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத புள்ளிக்கு எங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம். விண்ணப்பத்தில் துறைகளைச் சரியாக வரிசைப்படுத்தாமல் முதல் நாலைந்தோடு விட்டுவிட்டு, அப்புறம் தனியாருக்கு ஓடுவது கையில் இருந்த காசைக் குளத்தில் போடுகிற வேலை.

அரச பட்டத்தின் பலவீனம் வேறு இடத்தில். 2017இல் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது. 2020இல் பட்டதாரிப் பயிலுநர் திட்டத்தில் ஐம்பதாயிரம் பேரளவில் எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபா படி. அப்படி ஒன்று திரும்ப வரும் என்று எதிர்பார்த்துத் துறையைத் தெரிவுசெய்வது சரிவராது. அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 2025இல் 40,000 ஆக்கியபின் அரச வேலையின் கவர்ச்சி கூடியிருக்கிறது, போட்டியும் கூடியிருக்கிறது.

மூன்றாவது, பக்கத்து ஊர்த் தனியார். யாழ்ப்பாணத்திலும் வவுனியா நகரத்திலும் இப்போது பல இருக்கின்றன. கொழும்பு போடிங் செலவு இல்லாததால் மொத்தம் பாதிக்கு வரும், அது பெரிய விசயம். ஆனால் இந்த வகையில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சிலவற்றில் விற்பது ‘இரண்டு ஆண்டு டிப்ளோமா, பிறகு ஓராண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழக டொப்-அப்’, அதாவது டிப்ளோமாவைப் பட்டமாக்கும் கடைசி ஆண்டு. முதல் இரண்டு ஆண்டின் விலை மலிவு, கடைசி ஆண்டின் விலை பவுணில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது பவுணும் கூடவே ஏறியது. டொப்-அப்புக்குக் காசு சேர்த்து வைத்திருந்த வீடுகளின் கணக்கு ஒரே வருடத்தில் குலைந்தது. டொப்-அப் போகாவிட்டால் கையில் இருப்பது டிப்ளோமா மட்டும்.

காசு கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி ‘கட்டடத்தில் ஏ.சி. இருக்கிறதா’ அல்ல. பட்டத்தை யார் வழங்குகிறார்கள்? உள்நாட்டு நிறுவனமே வழங்கினால், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறித்த பட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா? நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் எல்லாப் பட்டத்துக்கும் இருக்கிறதென்று அர்த்தமில்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பிறகு ஒரு நாள் ஆசிரியர் சேவைக்கோ நிர்வாக சேவைக்கோ விண்ணப்பிக்கும்போது இந்தக் கேள்விதான் வரும். தொழில்சார் துறைகளில் இன்னொரு படி இருக்கிறது. மாலபேயில் இருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மருத்துவ சபையின் பதிவுக்காக நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தது. 2017இல் அந்தக் கல்லூரியை ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்தது, மாணவர்கள் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டியவர்களுக்கே அந்தக் கதி.

நான்காவது வழியை யாரும் பதாகையில் போடுவதில்லை, காரணம் அதில் யாருக்கும் இலாபமில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம். வீட்டிலிருந்து இணையத்தில் படிக்கலாம், பதிவுக்கும் பரீட்சைக்கும் கட்டினால் போதும். முதலாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா. தவறினால் இழப்பது ஆயிரங்கள்தான். கஷ்டம் என்னவென்றால் தட்டியெழுப்ப ஆள் இல்லை, சேர்கிறவர்களில் பலர் முடிப்பதில்லை. தனியே உட்கார்ந்து படிக்கிற பிள்ளையா என்று பெற்றோருக்குத் தெரியும், அதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளவேண்டும். கணக்கியல் என்றால் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) இருக்கிறது, முழுநேரம் படித்தால் கட்டணம் இல்லை. கையால் வேலை செய்ய விருப்பமுள்ள பிள்ளைக்கு அறிவியல் நகர் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ், பொதுவான முகாமைத்துவப் பட்டத்தைவிடச் சீக்கிரம் சோறு போடும். இதைச் சொன்னால் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ‘எங்கட பிள்ளை மெக்கானிக்கோ?’ என்பார்கள்.

என் தெரிவு வெளிப்படையானது. எங்கள் கிளிநொச்சிப் பிள்ளைக்கு அரச இடம், விருப்பத்துக்குக் கிட்டிய துறையில் கிடைத்தால், பம்பைமடுவென்றாலும் எடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் முதலில் பி.ஐ.ரி. முதலாம் ஆண்டு. அதைத் தாண்டிக் காட்டிய பிள்ளைக்காக, ஐ.ரி. துறைக்கு, வட்டியில்லாக் கடனோடு கொழும்பு போவதை நான் தடுக்கமாட்டேன். முகாமைத்துவத்துக்கு 40 லட்சம் என்றால் தடுப்பேன்.

கடைசியாக, நேரம். பெறுபேறுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. தனியார் கம்பஸ்களின் ‘இந்த மாத இறுதிக்குள் பதிந்தால் தள்ளுபடி’ அழைப்புகள் அந்த இடைவெளியில்தான் வரும், பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. அந்த மாதங்களில் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள். வெட்டுப்புள்ளி வரும்வரை எங்கேயும் ஐம்பதாயிரம் முற்பணம் கட்டவேண்டாம். தள்ளுபடி அடுத்த மாதமும் வேறு பெயரில் வரும்.