8051 குடும்பத்துப் பழைய சிப்புகள்: புரோகிராமரில் ஆதரவு சேர்க்க மூன்று வழிகள்

8051 போன்ற பழைய மைக்ரோகண்ட்ரோலரை, அதற்குள் நிரலை எழுதும் கருவியான புரோகிராமர் அடையாளம் காணவில்லை என்றால், குறை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சிப்பின் விவரம் மென்பொருள் பட்டியலில் இல்லை. புரோகிராமருக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்கு அந்தச் சிப்பின் கட்டளைமுறை தெரியாது. அல்லது போர்டில் தேவையான வோல்டேஜ் இல்லை. முதலாவதற்கு டெக்ஸ்ட் எடிட்டர் போதும், கடைசிக்கு சால்டரிங் அயர்ன் வேண்டும். மூன்று சிப்புகளை வைத்துப் பார்த்தால் எந்த வழி எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஏடி89எஸ்52: அர்டுயினோவா, யுஎஸ்பிஆஸ்ப்பா?

பெயரில் ‘எஸ்’ இருப்பதால் எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழியாகவே எழுதலாம். இணைப்பு: 6-ஆம் கால் மோசி (உள்ளே போகும் தரவு), 7 மிசோ (வெளிவரும் தரவு), 8 கடிகாரம், 9 ரீசெட். சிப்புக்குள் தானாக ஓடும் ஆசிலேட்டர் கிடையாது. 18, 19 கால்களில் கிரிஸ்டலும் இரண்டு 33 பிகோஃபாரட் கெபாசிட்டரும் இல்லாவிட்டால் எந்தப் புரோகிராமருக்கும் பதில் வராது.

ஏவிஆர் என்ற வேறொரு சிப்புக் குடும்பத்துக்கான யுஎஸ்பி புரோகிராமர்தான் யுஎஸ்பிஆஸ்ப். அதில் இரண்டு முட்டுக்கட்டைகள். ஏவிஆரின் ரீசெட் தாழ்நிலையில் இயங்கும், 8051-இன் ரீசெட் உயர்நிலையில். நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போட்டுத் தலைகீழாக்க வேண்டும். அடுத்தது இன்னும் மோசம்: புரோகிராமிங் நிலைக்குள் நுழையும்போது வழக்கமான ஃபர்ம்வேர் மூன்றாவது பைட்டில் ஹெக்ஸ் 53 திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. 89எஸ்52 நான்காவது பைட்டில் ஹெக்ஸ் 69 தருகிறது. வயரிங் முழுக்கச் சரியாக இருந்தும் பிழைச் செய்தி வருவது இதனால்தான். ஃபர்ம்வேரைத் திருத்தாமல் தீராது.

அர்டுயினோ ஊனோ போர்டில் ‘அர்டுயினோ ஐஎஸ்பி’ ஸ்கெட்ச் (போர்டையே புரோகிராமராக்கும் நிரல்) ஏற்றினால் இரண்டு தொல்லையும் இல்லை. சாதனக் குறியீடு 224 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்கெட்சே ரீசெட்டைத் திருப்பிக்கொள்ளும். நுழைவுப் பதிலைச் சரிபார்ப்பதும் இல்லை. ஆகவே கணினியிலிருந்து புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளின் உங்கள் பதிப்பில், அமைப்புக் கோப்பில் (கான்ஃப்) இந்தச் சிப் இல்லையென்றால், புதிய பகுதியில் குறியீட்டை 225 என்று கொடுங்கள். கையொப்பத்தை வாசிக்கும் கட்டளை ஏவிஆரில் ஹெக்ஸ் 30, இங்கே 28. அதனால் புரோகிராமர் வகை ‘எஸ்டிகே500வி1’ ஆக இருக்கட்டும். ‘அர்டுயினோ’ வகை பழைய 30-ஐயே அனுப்பும். ஃபிளாஷ் பகுதியில் பக்க அளவைக் குறிப்பிடவே வேண்டாம். ஏவிஆர் முகவரி வார்த்தைக் கணக்கு (இரண்டு பைட் ஒரு வார்த்தை), 8051 பைட் கணக்கு. பக்கமாக அனுப்பினால் ஸ்கெட்ச் தவறான இடத்தில் எழுதும்.

இதற்கு விலை நேரம். 19200 பாடில் ஒரு பைட்டை வாசிக்க 9 பைட் போய்வர வேண்டும். 8192 பைட்டுக்குக் குறைந்தது 38 நொடி. பொறுத்துக்கொள்ளலாம். ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட மறந்தால்தான் பொறுமை போகும்: ஒவ்வொரு முறையும் போர்டே ரீசெட் ஆகிவிடும்.

ஏடி89சி2051: வாங்கியதா, கட்டியதா?

இதில் எஸ்பிஐ இல்லை, ரீசெட் காலில் 12 வோல்ட் தேவை. கையில் டிஎல்866-டூ பிளஸ் என்ற கடைப் புரோகிராமர் இருந்தால் அதுவே போதும். அதன் பட்டியலில் இந்தச் சிப் உண்டு. அதை இயக்கும் ‘மினிப்ரோ’ திறமூல மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் எக்ஸ்எம்எல் கோப்பில் (சிப்புப் பட்டியலில்) புதுப் பதிவு சேர்க்கலாம் என்று ஆசைப்படுவார்கள். சேர்க்கலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு பதிவிலும் உள்ள நெறிமுறை எண்ணைச் செயல்படுத்துவது பெட்டிக்குள் இருக்கும் மூடிய ஃபர்ம்வேர். ஏற்கெனவே உள்ள ஒரு சிப்பின் உடன்பிறப்புக்கு, அளவையும் அடையாள எண்ணையும் மாற்றிப் பதிவு போட்டால் ஓடும். புது முறை தேவைப்படும் சிப்புக்கு எக்ஸ்எம்எல்லில் என்ன எழுதினாலும் பயனில்லை.

ஊனோவில் கட்டுவதும் கடினமில்லை, ஏனெனில் 2051-க்கு முகவரிக் கால்களே வேண்டாம். உள்ளே ஒரு கவுண்டர் இருக்கிறது: ரீசெட் உயரும்போது சுழி, எக்ஸ்டால்1 என்ற கிரிஸ்டல் காலில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி. பின்னோக்கிப் போக வழியில்லை. ரீசெட்டை இறக்கி ஏற்றி மறுபடி எண்ண வேண்டும். ரீசெட்டுக்கு 0, 5, 12 என மூன்று நிலைகள் தேவை. 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம், ஒரு டிரான்சிஸ்டர் நேராகக் கிரவுண்டுக்கு, இன்னொன்று 5.1 வோல்ட் ஜீனர் வழியாக. பி1.0, பி1.1 கால்களுக்கு உள்ளே புல்அப் கிடையாது, 10 கிலோஓம் வெளியே போடுங்கள். சரிபார்ப்பில் கடைசி இரண்டு பிட் மட்டும் தப்பாக வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

8751எச்: வோல்டேஜ்தான் பிரச்சினை

கண்ணாடிச் சன்னல் வைத்த இந்த இன்டெல் சிப்பில் எழுத 21 வோல்ட் வேண்டும். டிஎல்866-டூ பிளஸ் 18-உடன் நின்றுவிடும். டி48 என்ற புரோகிராமரின் வோல்டேஜ் 25 வரை போகும். கட்டுவதென்றால் கால்கள் அதிகம், ஊனோ போதாது, அர்டுயினோ மெகா வேண்டும். எம்டி3608 பூஸ்ட் மாட்யூலில் 21 கிடைக்கும், ஆனால் சிப்பைச் சொருகுமுன் மீட்டர் வைத்து அமையுங்கள். 21.5-ஐ ஒரு கணம் தாண்டினாலும் சிப் நிரந்தரமாகப் போகலாம் என்று இன்டெலே எச்சரிக்கிறது. ஒரு பைட்டுக்கு 50 மில்லிநொடித் துடிப்பு என்பதால் 4096 பைட்டுக்கு ஏறக்குறைய 205 நொடி. இடையில் மின்சாரம் போனால் மறுபடி அழிக்கப் புற ஊதா விளக்குக்கு அனுப்ப நேரிடலாம்.

ஒரே ஒரு 8751எச்-க்காக மெகாவில் கம்பி கோர்ப்பது வீண்வேலை, டி48 வைத்திருப்பவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். 89எஸ்52-க்கு ஊனோவைத் தாண்டி வேறு புரோகிராமர் வாங்க வேண்டாம்.